காலியாகக் கிடக்க வேண்டிய இரண்டு ஜிபி

குற்றாலீஸ்வரன் அன்றைக்கு ஒரு திருடியைக் கையும் களவுமாகப் பிடிப்பதாக இருந்தார். அதற்காகவே வடகரையிலிருந்து சேக் தாவூதை வரச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணி. வெளியே சாரல். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வேன்கள் ஆபீசுக்குக் கீழே வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. திருடியை மூன்று வாரத்துக்கு முன்பே வேலையை விட்டு அனுப்பியாயிற்று. ஆனாலும் திருட்டு நிற்கவில்லை. அதுதான் அவருக்கு ஆறாத எரிச்சல்.

திருடு போனது பணமல்ல, நகையல்ல, மெமரி.

'சாரல் ரூம்ஸ்' என்று அவருக்கு ஒரு வெப்சைட் உண்டு. குற்றாலத்தில் முப்பத்திநாலு லாட்ஜுகளின் அறைகளை வீட்டிலிருந்தே அதில் பிடித்துக்கொள்ளலாம். சைட் ஓடுவது எங்கோ மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் மிஷினில். யாராவது போனில் சைட்டைத் திறந்தால் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற வெப் சர்வர் அதில்தான் இருக்கிறது. அந்த மிஷினின் மெமரியை யாரோ தின்கிறார்கள் என்பது அவர் கட்சி.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சைட் தொடங்குவதற்கு முன் பதினாறு வருஷம் ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக இருந்தவர். சீசன் எவ்வளவு மும்முரமாக இருந்தாலும், கைக்குழந்தையோடு வந்து எவ்வளவு கெஞ்சினாலும், இரண்டு அறையைக் காலியாகப் பூட்டி வைத்திருப்பார். எந்த நேரத்தில் எந்தப் பெரிய அதிகாரியின் மச்சினன் காரில் வந்து இறங்குவான் என்று யாருக்குத் தெரியும்? 'ரூம் இல்லை' என்று அவனிடம் சொல்லிவிட்டு, மறுவாரம் அவஸ்தைப்படுவது யார்? குற்றாலத்து மேனேஜர்களுக்கு இது பாலபாடம். மனுஷனுக்குப் பழகிய தொழில் புத்தி லேசில் போகாது. சர்வர் என்ற ஒன்று கைக்கு வந்ததும் அவர் அதில் முதலில் தேடியது காலி அறையைத்தான்.

தேடினார், கிடைக்கவில்லை. மெமரி எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற ஒரு கட்டளையை எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டு, தினமும் குளித்துத் திருநீறு பூசிய கையோடு போனில் அதை அடித்துப் பார்ப்பார். மொத்தம் எட்டு ஜிபி. 'ஃப்ரீ' என்ற தலைப்புக்குக் கீழே வெறும் இருநூறு எம்பி. பதறிப்போய் பதினாறு ஜிபி மிஷினுக்கு மாற்றினார். இரண்டே நாள். மறுபடி ஃப்ரீயில் முந்நூறு எம்பி. ஊற்ற ஊற்ற யாரோ குடித்தால்தானே இப்படி ஆகும்?

பிறகு வெப் சர்வரின் வேலைக்காரர்களை எண்ணினார். வருகிறவர்களைக் கவனிக்க அது நாற்பது புரோசஸ்களை வைத்திருந்தது. ஒவ்வொன்றின் பெயருக்கு நேரே இருநூற்று அறுபது எம்பி. கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கினார். பத்தாயிரத்து நானூறு. முப்பத்திநாலு லாட்ஜுக்கு எதற்குப் பத்து ஜிபி? வேறு யாருக்கோ இங்கே கடை நடக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்குப் பேயின் முகமும் தெரிந்தது, அட்ரஸும் தெரிந்தது.

ஷெர்லின், குத்துக்கல்வலசை. ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு சாமின் மகள். நாலு வருஷமாக சர்வரைப் பார்த்துக்கொண்டவள். காவலுக்கென்று குற்றாலீஸ்வரன் தன் கையாலேயே மிஷினில் ஒரு சின்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அவள் அதை மூன்று முறை அணைத்திருந்தாள். மடியில் கனமில்லாதவள் காவலை ஏன் அணைக்கிறாள்?

ஜூன் பதினான்காம் தேதி எல்லாம் வெடித்தது. சிவனணைந்தபெருமாளின் லாட்ஜில் இருநூற்று ஆறாம் நம்பர் அறை வாசலில் சிவகாசிக் குடும்பம் ஒன்றும் ராஜபாளையத்துக் குடும்பம் ஒன்றும் நனைந்த பிள்ளைகளோடு நின்று சண்டை போட்டார்கள். இரண்டு பேர் போனிலும் அதே அறைக்கு புக்கிங் மெசேஜ். சிவனணைந்தபெருமாள் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அந்தச் சூட்டோடு குற்றாலீஸ்வரன் ஆபீசில் எல்லார் முன்னாலும் ஷெர்லினைப் பார்த்து, "என் மிஷின்ல யாருக்கு ஏட்டி கடை நடத்துத?" என்று கேட்டார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கவில்லை.

அதோடு விட்டாரா? லாட்ஜ் உரிமையாளர்களின் வாட்ஸப் குரூப்பில் நூற்று முப்பது பேர். அதில் குரலைப் பதிந்து போட்டார்: வேலியே பயிரை மேய்ந்துவிட்டது, என் சர்வரைத் திருட்டுத்தனமாக வேறு ஆளுக்கு ஓட்டியிருக்கிறாள், யாரும் அவளிடம் பாஸ்வேர்டு கொடுத்து ஏமாற வேண்டாம். ஷெர்லின் தனியாக சைட் பார்த்துக் கொடுத்த மூன்று லாட்ஜுகளும் அன்று சாயங்காலத்துக்குள் அவளைக் கழற்றிவிட்டன. போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து அவளைப் பற்றி விசாரித்தபோதும், "கை சுத்தமில்ல" என்று இரண்டே வார்த்தையில் கதையை முடித்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

சேக் தாவூது வந்து லேப்டாப்பைத் திறந்தான். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன்; அதிகம் பேசமாட்டான்.

"அவ எப்படி எடுக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாய். மீதிய நான் பாத்துக்கிடுதேன். அவ அப்பன் போலீஸ்னா எனக்கும் போலீஸ்ல ஆளு இருக்கு."

"எடுத்திருக்காங்களான்னு முதல்ல பாப்போம் அண்ணாச்சி."

அரை மணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்தான். மூன்று வாரமாக உள்ளே வந்தவர்கள் பட்டியலில் ஒரே பெயர், குற்றாலீஸ்வரனுடையது. வேறு சைட் எதுவும் அங்கே இல்லை. வெளியே எங்கேயும் எதுவும் போகவில்லை.

"உங்க சைட்டு ஒண்ணுதான் ஓடுது. வேற ஒரு ஈ காக்கா இல்ல."

"ஒளிச்சு வச்சிருப்பா."

"ஒளிச்சாலும் இடம் பிடிக்கணும்லா. இங்கன யாரும் பிடிக்கல."

"பிடிக்கலையா? ஃப்ரீயப் பாரும். பதினாறுல ரெண்டு சொச்சந்தான் கிடக்கு. இன்னும் கால் மணி நேரத்துல அதுவும் போயிரும்."

தாவூது திரையை அவர் பக்கம் திருப்பினான். "ஃப்ரீ சரி. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பாத்தியளா?"

குற்றாலீஸ்வரன் குனிந்தார். அப்படி ஒரு கட்டம் இருப்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவர் பார்த்ததெல்லாம் போனில். போன் திரையின் அகலத்துக்கு அந்த வரி வலது ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடும். கடைசியில் 'அவைலபிள்' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே பதினொரு ஜிபி.

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினொன்றுதான்.

"கேட்டா உடனே கொடுக்க முடியுறது அம்புட்டு இருக்கு அண்ணாச்சி. லினக்ஸ் மெமரிய சும்மா போட்டு வைக்காது. டிஸ்க்குல ஒரு தடவை படிச்சத, ரூம் போட்டோ, அது இதுன்னு, காலியா இருக்க இடத்துல ஒரு நகல் வச்சுக்கிடும். அடுத்தவன் கேட்டா அங்கயிருந்தே டக்குனு கொடுத்துரும். வேற வேலைக்கு இடம் வேணும்னா அந்த நிமிஷமே நகலத் தூக்கிப் போட்டுரும். நீங்க கூட மெமரி வாங்கிப் போட்டா கூட நகல் வைக்கும். அதான் ரெண்டு நாள்ல நிறைஞ்சிட்டு."

 இது புரியாத சங்கதியாக இருந்திருந்தால் குற்றாலீஸ்வரன் மறுத்துப் பேசியிருப்பார். நன்றாகப் புரிந்து தொலைத்தது. புக்கிங் பார்ட்டி சாயங்காலம்தான் வரும் என்றால், அதுவரை அந்த அறையில் அருவிக்கு வந்த குடும்பங்களை உடை மாற்றிக்கொள்ள விடுவது அவர் வழக்கம். பார்ட்டியின் வேன் கேட்டுக்குள் திரும்பியதுமே ஐந்து நிமிஷத்தில் அவர்களைக் கிளப்பி அறையைப் பெருக்கிவிடுவார். அப்படி ஆள் இருந்த அறையை ஒரு நாளாவது திருடு போன அறை என்று அவர் நினைத்தது உண்டா?

இருந்தாலும் கால்குலேட்டர் ஒன்று பாக்கி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பத்தாயிரத்து நானூறு? நாப்பதும் தனித்தனியாத் தின்னுதே, அது பொய்யா?"

"பஸ் பிடிச்சு நாப்பது பேரு குத்தாலத்துக்கு வாராங்க. சமைக்க ஒரே அண்டா. ஒவ்வொருத்தர்ட்டயும் என்ன கொண்டு வந்தியன்னு கேட்டா, அத்தன பேரும் அண்டாவையும் சேத்துத்தான் சொல்லுவாங்க. நீங்க நாப்பது அண்டான்னு கூட்டிட்டிய." தாவூது இன்னொரு கணக்கைத் திரையில் கொண்டுவந்தான். "இருநூத்தறுபதுல இருநூறு பொது. எல்லாரும் ஒண்ணைத்தான் பாக்காங்க. சொந்தமா ஆளுக்கு அறுபதுதான். மொத்தத்தையும் சேத்தா ரெண்டரை ஜிபி சொச்சம்."

குற்றாலீஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. திருட்டு இல்லை. திருட்டே இல்லையென்றால் அவள்? அந்த யோசனையை அவர் அவசரமாகத் தள்ளிவிட்டார்.

"சரி, அப்ப சைட்டு ஏன் விழுது? சனி ஞாயிறு ஆனா மணிக்கு ரெண்டு தடவை விழுதே. அது அவ வேலையில்லாம வேற யாரு வேலை?"

தாவூது பதில் சொல்வதற்குள் திரையில் அந்த நாற்பது புரோசஸ்களின் வரிகளும் ஒன்றாக மறைந்தன. மிஷின் உயிரோடு இருந்தது. வெப் சர்வர் மட்டும் இல்லை. மேஜை மேல் குற்றாலீஸ்வரனின் போன் அடித்தது. ஏதோ ஒரு லாட்ஜ். அவர் எடுக்கவில்லை. சில விநாடிகளில் நாற்பது வரிகளும் புதிதாக முளைத்தன.

"தானா விழல," என்றான் தாவூது. "யாரோ நிறுத்தித் திரும்பப் போடுதாங்க. நேத்து சாயங்காலத்துலருந்து முப்பத்தொண்ணு தடவை."

"நான் சொல்லல? அவதான்."

தாவூது, மிஷின் குறித்த நேரத்துக்குத் தானாகச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைத் திறந்தான். அதில் உயிரோடு இருந்தது ஒரே வேலை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மெமரியைப் பார். ஃப்ரீ இரண்டு ஜிபிக்குக் கீழே இருந்தால் வெப் சர்வரை நிறுத்து, நகல்களை எல்லாம் துடை, மறுபடி தொடங்கு. வேலையின் பெயர் 'காவல்'.

"இது யாரு போட்டது?"

  இணையத்தில் அங்கங்கே பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, குற்றாலீஸ்வரன் தானே எழுதிச் சேர்த்தது அது. எழுதி முடித்த அன்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டார். பெரிய ஆள் வந்தால் கொடுக்க இரண்டு ஜிபி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் நினைத்தது. உள்ளே இருந்தவர்களையெல்லாம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளித்தான் அந்தக் காலி கிடைக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சனி ஞாயிறில் கூட்டம் அதிகம். நகல் சீக்கிரம் நிறையும். சீக்கிரம் சீக்கிரம் தள்ளும்.

"நீங்கதானா?" என்று தாவூது மெதுவாகக் கேட்டான். குற்றாலீஸ்வரன் தலையை அசைத்தார். தாவூது பட்டியலில் விரலை வைத்தான். "மேல ஏதோ எழுதியிருக்கு. படிச்சியளா?"

அந்த வேலைக்கு மேலே மூன்று வரிகள் இருந்தன. முன்னால் # குறி போட்டிருந்தது. அந்தக் குறி இருந்தால் அந்த வரியை மிஷின் படிக்காது என்று குற்றாலீஸ்வரனுக்குத் தெரியும். மிஷின் படிக்காததை அவரும் படிக்கவில்லை. மூன்று முறையும் தன் வரிக்கு முன்னால் இருந்த குறியை மட்டும் அழித்துவிட்டுப் போனார். இப்போது படித்தார்.

'அண்ணாச்சி, சர்வரை நிறுத்துறது இந்த வேலைதான். மெமரி நல்லா இருக்கு. அணைச்சிருக்கேன். – ஷெர்லின், மே 24.'

'திரும்பப் போட்டிருக்கீங்க. பணம் கட்டுறவங்க பாதியில அறுந்து போறாங்க. ஒரு பத்து நிமிஷம் கேளுங்க. – ஷெர்லின், மே 31.'

'இப்படியே விட்டா ஒரே ரூம் ரெண்டு பேருக்குப் போயிரும் அண்ணாச்சி. – ஷெர்லின், ஜூன் 7.'

 அவள் நேரிலும் வந்தாள். இரண்டு தடவை மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "லாட்ஜு நடத்துனவனுக்கு நீ காலி ரூமு சொல்லித் தருதியா?" என்று கேட்டு அனுப்பியது அவர்தான். "ஜூன் பதினாலு பாருங்க பாய்," என்றார்.  தாவூது பார்த்தான். காலை பதினொன்று நாற்பதுக்கு 'காவல்' சர்வரை நிறுத்தியிருக்கிறது. அதே நிமிஷத்தில் இருநூற்று ஆறாம் நம்பருக்குச் சிவகாசிக்காரர் பணம் கட்டி, மெசேஜும் போய், அறை நிறைந்தது என்று குறிப்பதற்குள் எல்லாம் அறுந்துவிட்டிருக்கிறது. பத்து நிமிஷத்தில் ராஜபாளையத்துக்காரர் அதே அறையைப் பிடித்திருக்கிறார்.

"பாய், அத எடுத்துருங்க. நான் குத்துக்கல்வலசை வரைக்கும் போயிட்டு வாரேன்."

மழைக்கோட்டை மறந்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். சாம் வீட்டு வாசலில் போய் நின்றபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கதவைத் திறந்த சாம் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டார்.

"முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் பாத்தேன்," என்றார் சாம். "எத்தனையோ கள்ளனப் பிடிச்சிருக்கேன். போன வாரம் சர்ச்சு வாசல்ல வச்சு ஒருத்தன் எங்கிட்ட கேக்கான், உம்ம மவ சர்வர எம்புட்டுக்கு வித்தான்னு."

குற்றாலீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். ஷெர்லின் உள்ளறையிலிருந்து வந்தாள். மூன்று வாரத்தில் மெலிந்திருந்தாள். அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இன்னைக்கு சனிக்கிழமைலா. அந்த வேலைய எடுத்துட்டியளா அண்ணாச்சி?"

"எடுத்தாச்சும்மா." அதற்கு மேல் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. "நீ எழுதினதைப் படிச்சேன். இன்னைக்குத்தான் படிச்சேன். திருட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் போட்டதுதான். நான் பாவிம்மா. நீ திரும்ப வேலைக்கு வா. என்ன கேக்கியோ தாரேன்."

"எனக்கு அங்க வேலை வேண்டாம். குரூப்புல என்னச் சொன்னியள்லா, அதுலயே இல்லைன்னு சொல்லுங்க. அது போதும்."

நியாயம்தானே. அவர் அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்தார். நனைந்த விரலுக்கு அது மசியவில்லை; துண்டு கேட்டுத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்திப் பேசினார். ஒளிவு மறைவு வைக்கவில்லை. ஷெர்லின் எதையும் எடுக்கவில்லை. சர்வரை நிறுத்தியது நான் எழுதிய வேலை. ஒரே அறை இரண்டு பேருக்குப் போனது என் தப்பு. மூன்று தடவை அந்தப் பிள்ளை எச்சரித்தது, நான் படிக்கவில்லை. நான் சொன்னது பொய், அதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டு நிமிஷம் பேசினார். அழுகையை அடக்கிக்கொண்டுதான் பேசினார். அனுப்பியதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. போனை மூன்று பேருக்கும் தெரிகிற மாதிரி மேஜை மேல் வைத்தார்.

சிவனணைந்தபெருமாள்தான் முதலில் எழுதினார்: 'அண்ணாச்சி, உம்ம மனசு யாருக்கும் வராது. ஒரு பொம்பளப் பிள்ளை வாழ்க்கையாச்சேன்னு பழிய நீரே ஏத்துக்கிட்டீரே.' கூடவே மூன்று கும்பிடு.

குற்றாலீஸ்வரன் அதை இரண்டு முறை படித்தார். அதற்குள் கும்பிடுகள் சரம் சரமாக வந்து விழுந்தன. 'பெரிய மனுஷன்.' 'கெட்டவங்களுக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்கணும், சரியாச் செஞ்சிய.' 'குரலைக் கேட்டதும் கண்ணுல தண்ணி வந்துட்டு அண்ணாச்சி.'

"என்ன இது," என்றார். அவசர அவசரமாகத் தட்டினார்: 'பழியை ஏற்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். தப்பு என்னுடையது.'

'புரியுது அண்ணாச்சி, புரியுது. இதோட விட்டுருவோம்,' என்று பதில் வந்தது. அதற்கும் கீழே இன்னொருவர்: 'இருந்தாலும் பாஸ்வேர்டு விஷயத்துல எல்லாரும் கவனமா இருந்துக்கிடுங்க.' அதற்குப் பதினேழு பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள்.

 குற்றாலீஸ்வரன் மறுபடி பட்டனை அழுத்திப் பிடித்தார். என்ன சொல்வது? சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று. எவ்வளவுக்கெவ்வளவு சத்தியம் பண்ணுகிறாரோ அவ்வளவுக்கவ்வளவு அவர் நல்லவராகத்தான் ஆவார். விரலை எடுத்தார். சாம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"போன மாசம் நான் கள்ளி," என்றாள் ஷெர்லின். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இன்னைக்கு நீங்க மன்னிச்சு விட்ட கள்ளி. அம்புட்டுத்தான அண்ணாச்சி?"

 மேஜை மேல் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. வந்ததெல்லாம் அவரைப் பாராட்டித்தான் வந்தது.